மாதிரியில் பிழை இல்லை, இறக்கைகளைத் தவிர

வணக்கம் ஐயா. தண்டையார்பேட்டைப் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக உங்கள் மகள் செய்த ஸ்டார்ஷிப் நிலவு இறங்குகலத்தில், அப்போலோவைப் போல மேற்பகுதி தனியே கழன்று எழவில்லை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். அது பிழையன்று. 1969 முதல் 1972 வரை இறங்கிய அப்போலோ கலங்கள் கீழ்ப்பகுதியை நிலவிலேயே விட்டுவந்தன. 2021இல் நாசா தேர்ந்தெடுத்த, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் கலமோ முழுதாக இறங்கி முழுதாகவே எழும்பும்படி வடிவமைக்கப்படுகிறது.

1:100 என்ற அளவில் செய்யுங்கள். ஏறத்தாழ 50 மீட்டர் உயரமும் 9 மீட்டர் விட்டமும் கொண்ட அக்கலத்துக்கு, 90 மி.மீ. பி.வி.சி. குழாயில் அரை மீட்டர் துண்டு அளவெடுத்தாற்போல் பொருந்தும். அருகில் 7 செ.மீ. உயர அப்போலோ கலத்தை நிறுத்தினால், ஏணிக்குப் பதில் மின்தூக்கி ஏன் என்று ஆசிரியருக்கே விளங்கிவிடும். நூலில் தொங்கும் தீப்பெட்டி ஒன்றே மின்தூக்கிக்குப் போதும்.

அடுத்து எரிபொருளைப் பற்றிக் கேட்பார். நிலவுக்குக் கிளம்புமுன் புவிச் சுற்றுப்பாதையிலேயே பலமுறை ஏவப்படும் டேங்கர் கலங்கள் அதை நிரப்பியாக வேண்டும். காசிமேட்டு விசைப்படகில் ஏற்றிய ஐஸ் நாளாக ஆகக் கரைவதுபோல, கடுங்குளிரில் வைத்த திரவ மீத்தேனும் ஆக்சிஜனும் காத்திருக்கும்போதே ஆவியாகிக் குறையும். இதுவே பெரிய சிக்கல் என்பது என் கருத்து. நிலவில் இறங்கவே 2023இல் தேர்வான, புளூ ஆரிஜின் என்ற மற்றொரு நிறுவனத்தின் கலம் திரவ ஹைட்ரஜனை நம்பியிருப்பதால் அதற்கு இன்னும் கடுங்குளிர் தேவை.

வீரர்கள் ஓரியன் என்ற நாசாவின் தனிக் கலத்தில்தான் பூமிக்குத் திரும்புவார்கள். இறங்குகலம் வளிமண்டலத்துக்குள் வருவதேயில்லை. ஆகவே நீங்கள் அனுப்பிய படத்தில் தெரியும் அந்த அட்டை இறக்கைகளை மட்டும் கழற்றிவிடுங்கள்.