மண்டபத்துக்குள் குறைந்த வெளிச்சத்தில் கல்யாணப் படம் எடுக்க பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராதான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். முதலில் லென்ஸ், அடுத்து இரண்டு ஃப்ளாஷ். அதற்குப் பிறகும் கையில் காசு மிஞ்சினால் கேமரா பாடியைப் பற்றி யோசிக்கலாம்.

நாலரை–ஆறு முகூர்த்தம், கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ், படமெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த லென்ஸ் 55 எம்எம்-ல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்). 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரோ உங்கள் கேமராவின் சிறிய கிராப் சென்சாரைவிடப் பரப்பில் இரண்டேகால், இரண்டரை மடங்குதான் பெரிது. ஃபுல் ஃப்ரேம்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை; எதை முதலில் வாங்குவது என்றுதான் சொல்கிறேன்.

எஃப் 1.8 இருக்கிறதே என்று முழுக்கத் திறந்துவைத்தால் வேறு வம்பு வரும். கிராப் கேமராவில் 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸில் நிற்கும் ஆழம் 11 செ.மீ. அளவுதான். பெண்ணின் கண் கூர்மையாக இருக்கும், பக்கத்தில் சற்றுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை மங்கிப்போவார். தனி முகத்துக்கு எஃப் 2.2, இருவருக்கும் சேர்த்து எஃப் 2.8 முதல் 3.5 வரை வையுங்கள்.

புள்ளிக்குப் பயந்து, வெளிச்ச உணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓவை 800-லேயே பூட்டிவிட்டு, இருட்டாக வந்த படத்தை லைட்ரூம் மென்பொருளில் பிரகாசமாகத் தூக்கினால் புள்ளி குறையாது. பல கேமராக்களில் கூடத்தான் செய்யும். 3200 வைத்து முகத்துக்குச் சரியான எக்ஸ்போஷரில் எடுங்கள். 12×36 அங்குல ஆல்பத்தில் அந்தப் புள்ளி யார் கண்ணிலும் படாது. கை ஆடிய படம் பாட்டிக்குக்கூடத் தெரியும். ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்), மேனுவல் மோடில் எடுப்பது நல்லது. பின்னால் கறுப்புத் திரை இருந்தால் ஆட்டோ மோடு முகத்தை வெளுத்துவிடும், எல்இடி சுவர் இருந்தால் இருட்டாக்கிவிடும். வெள்ளை வேட்டியும் ஜரிகையும் எரிந்துபோகாமல், வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமில் ஒரு கண் இருக்கட்டும்.

ஷட்டர் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் ட்யூப் லைட்டும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். ஷட்டரை 1/100 நொடியைவிட வேகமாக வைத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது பச்சையாகவும் வரும், குறுக்கே பட்டையும் விழும். கேமராவில் இந்த மங்கலைச் சமாளிக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் இருந்தால் அதை ஆன் செய்துவிட்டு 1/160 போகலாம், இல்லையென்றால் 1/100-லேயே நில்லுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்துக்குள் தொடாதீர்கள், பட்டை இன்னும் மோசமாக விழும். ரிசப்ஷன் மேடை எல்இடி சுவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆபரேட்டரிடம் பிரைட்னஸைக் குறைக்கச் சொல்லி, ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் பட்டை மறையும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

ஃப்ளாஷைக் கேமரா மேலேயே மாட்டி நேராக அடிப்பதுதான் படத்தைக் கெடுக்கும் முதல் காரியம். ஹோமப் புகை முழுக்க வெள்ளைத் திரையாகிவிடும். கூரையில் பட்டுத் தெறிக்கவிடலாம் என்றால் 20 அடி உயரக் கூரையிலிருந்து கீழே வருவது சொற்பம். அங்கே மஞ்சள் துணி கட்டியிருந்தால் முகமும் மஞ்சள். மணவறைக்கு முன்னால் இரண்டு ஓரத்திலும் 8 அடி ஸ்டாண்டில் ஒவ்வொரு ஃப்ளாஷ், 45 டிகிரி கோணம், கேமராவிலிருந்து ஃப்ளாஷை இயக்க ரேடியோ ட்ரிகர், பவர் 1/8 அல்லது 1/16. ஃபுல் பவரில் அடித்தால் ஃப்ளாஷ் மறுபடி தயாராக 2, 3 நொடி ஆகும், அதற்குள் ஒரு முடிச்சு விழுந்திருக்கும். ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டாயம், குழந்தைகள் ஓடுவார்கள். சீரியல் பல்பின் மஞ்சளோடு ஒத்துப்போக ஃப்ளாஷில் ஹாஃப் சிடிஓ ஜெல் (ஆரஞ்சு நிற வடிகட்டித் தாள்) ஒட்டி, கேமராவின் நிறச் சமனான ஒயிட் பேலன்ஸை 4000 கெல்வின் பக்கம் வையுங்கள். “இயற்கை வெளிச்சம்தான் கலை” என்று கீழே கமெண்டில் யாராவது எழுதுவார்கள். விடியாத நேரத்தில், ஜன்னல் அடைத்த ஹாலில் இயற்கை வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று அவர்களே சொல்லட்டும்.

நிறம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். மாநிறப் பெண்ணின் நிறத்தை ஒழுங்காகப் பிடித்துக் கொடுத்தால், ஆல்பம் டிசைனர் முகத்தை மட்டும் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெளுத்துவைக்கிறார். முகம் ஒரு நிறம், மருதாணிக் கை ஒரு நிறம். வீட்டார் கேட்கிறார்கள் என்கிறார்கள். கேட்காத வீட்டுக்கும் அதேதான் நடக்கிறது.

தாலி கட்டும் நேரத்துக்கு வருவோம். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையில் சுற்றும்போதே பேட்டரி, கார்டு, ஃப்ளாஷ் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு நேரம் கிடைக்காது. மாப்பிள்ளை எந்தப் பக்கத்திலிருந்து கட்டுவார், நாத்தனார் எங்கே நிற்பார் என்று ஐயரிடம் முன்பே கேட்டு, வீடியோ அண்ணனிடமும் பேசி இடம் பிரித்துக்கொள்ளுங்கள். அவருடைய லைட்டை நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொன்னால் இருவருக்குமே லாபம். மின்விசிறி புகையை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். கெட்டிமேளம் கேட்டதும் சொந்தக்காரர்கள் எழுந்து மறைப்பார்கள், அரை அடி ஸ்டூல் ஒன்று காலடியில் இருக்கட்டும். புகையில், கண்ணைத் தானாகத் தேடும் கண்-ஃபோகஸ் தடுமாறும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறி, குங்குமப் பொட்டிலோ ஜரிகை ஓரத்திலோ வையுங்கள். அட்சதை லென்ஸுக்குப் பக்கத்தில் பறந்தால் ஃப்ளாஷில் வெள்ளை உருண்டையாக விழும், ஆகவே ஒரு படத்தோடு நிறுத்தாமல் நாலைந்தாக அடியுங்கள்.

வீட்டுக்கு வந்தபின், புள்ளியைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை அளவோடு போடுங்கள். படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பட்டுப் புடவையின் நெசவைப் பாருங்கள். இழை கரையத் தொடங்கினால் அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.