42 மடங்கு லித்தியம்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

பேட்டரிகளில் பயன்படும் லித்தியம் உலோகத்துக்குத் தூய எரிசக்தித் துறையில் உள்ள தேவை, 2040க்குள் 2020ல் இருந்ததைப்போல் 42 மடங்காகும் என்று அனைத்துலக எரிசக்தி அமைப்பு 2021ல் சொன்னதை ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். மறு ஆண்டு விலை எகிறியது, அதற்கடுத்த ஆண்டு தலைகுப்புற விழுந்தது. இந்தக் கணிப்புகளுக்கும் கிளி சோசியத்துக்கும் என்ன வித்தியாசம்?

செல்வம், உட்லண்ட்ஸ்

அன்புள்ள செல்வம்,

விழுந்தது விலை. தேவை விழவில்லை. 2020ல் உலகில் விற்ற மின்கார்கள் சுமார் 30 லட்சம். 2024ல் 1 கோடியே 70 லட்சம். விலையேற்றத்தைப் பார்த்து ஆளாளுக்குச் சுரங்கம் தோண்டினார்கள், சரக்கு குவிந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்த 42கூட, நாடுகள் பருவநிலை இலக்குகளை எட்டினால் என்ற நிபந்தனையோடு வந்த எண். அதே அறிக்கையில் 13 மடங்கும் உண்டு, 51 மடங்கும் உண்டு. எந்த வகை பேட்டரி ஜெயிக்கிறது, அரசுகள் எவ்வளவு வேகம் காட்டுகின்றன என்பதைப் பொறுத்து. செய்திகளில் 42 மட்டும்தான் அடிபட்டது.

கணிப்பு நிஜமாகவே சறுக்கியது வேறு இடத்தில். உங்கள் புளோக் பலமாடி கார் நிறுத்துமிடத்தில் மின்னூட்டிக்குப் பக்கத்தில் பாருங்கள், சீன நிறுவனமான பிஒய்டியின் மின்கார் ஒன்று நிற்கும். 2024ல் சிங்கப்பூரில் அதிகம் விற்ற கார் பிராண்ட் அதுதான். அந்தக் காரின் பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 2021 அறிக்கை மாதிரிக்கு எடுத்துக்கொண்ட மின்காரிலோ நிக்கல் 40 கிலோ, கோபால்ட் 13 கிலோ. இந்த பிஒய்டியின் பேட்டரியில் இரண்டுமே இல்லை! எத்தனை கார் ஓடும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு காருக்கு எந்த உலோகம் எத்தனை கிலோ என்பதுதான் கையில் நிற்காது. கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருகிறது, விலையும் அதிகம். தட்டுப்பாடு வரும் என்று எல்லோரும் சொல்லச் சொல்ல, பொறியாளர்கள் அது இல்லாமலே ஒப்பேற்ற வழி தேடினார்கள். எச்சரிக்கையே எச்சரிக்கையைப் பொய்யாக்கியது என்றுகூடச் சொல்வேன். கிளிக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

நான் கூடுதலாக நம்புவது செம்புக் கணக்கை. அதே மாதிரிக் காருக்கு 53 கிலோ, பெட்ரோல் காருக்கு 22. பேட்டரி எந்த வகையானாலும் மோட்டாருக்கும் மின்கம்பிக்கும் செம்பு வேண்டும். அலுமினியம் கொஞ்சம் ஈடுகட்டும், முழுக்க முடியாது. தாதுவைக் கண்டுபிடித்ததிலிருந்து சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கச் சராசரியாக 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2040ல் வரவேண்டிய செம்பில் பெரும்பகுதி, ஏற்கெனவே கண்டுபிடித்த இடங்களிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

லித்தியம் பங்கு வாங்கலாமா என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.