புங்கை, தும்பி, ஏரி: புதுவை–கடலூர் பருவக் கேள்விகளுக்குப் பதில்கள்

லாஸ்பேட்டை வாசகர்: தெருவில் ஒரு புங்கமரம். வருடம் முழுக்கக் கவனித்து எழுத ஆசை. எப்படித் தொடங்குவது சார்?

அந்த ஒரு மரமே போதும், நடுவில் மாற்றாதீர்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் பாருங்கள். நோட்டில் ஆறு கட்டம்: துளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று குறித்தால் சரி. மூன்றில் ஒரு பங்கு கிளைக்கு மேல் இருந்தால் 'நிறைய'. பூ இல்லாத வாரமும் 'இல்லை' என்று எழுத வேண்டும். கட்டத்தை வெறுமனே விட்டால், மரம் பூக்கவில்லையா, நீங்கள் போகவில்லையா என்று பிறகு தெரியாது. பாதிப் பேர் கோட்டை விடுவது இதில்தான்.

நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த ஈரம் வற்றும் மாசி வாக்கில் புங்கை இலை கொட்டும். பங்குனியில் பளபளவென்று துளிர்க்கும், பூவும் ஒட்டியே வரும். இலைமேல் முள்ளு முள்ளாகக் கொப்புளம் கண்டால் பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் செய்யும் வேலை அது, மரம் தாங்கிக்கொள்ளும்.

நெல்லிக்குப்பம் வாசகர்: ஐப்பசியில் வயல்மேல் கூட்டமாகத் தும்பி பறக்கிறதே, எங்கிருந்து வருகிறது?

பொன்மஞ்சள் உடல், அடிப்பக்கம் அகன்ற பின் இறக்கை, உட்காராமல் சுற்றிக்கொண்டே இருப்பது என்றால் இடம்பெயரும் தும்பிதான். உட்கார்ந்தாலும் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும். மழைக்காற்றோடு நகர்ந்து, புதிதாய்த் தேங்கிய குட்டையில் முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள், ஒன்றரை இரண்டு மாதத்தில் குஞ்சு தும்பியாகிவிடும். இவை மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்று மாலத்தீவில் ஆய்வு செய்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். எழுதும்போது எண்ணிக்கையோடு பறக்கும் திசையையும் காற்றின் திசையையும் சேர்த்துக் குறியுங்கள்.

வில்லியனூர் வாசகர்: ஊசுடு ஏரியில் இந்தத் தை மாதம் உள்ளானே இல்லை. பறவை குறைந்துவிட்டதா?

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஏரி நிரம்பியிருந்தால் சேற்று ஓரம் இருக்காது. சேற்றில் குத்தி இரை தேடும் உள்ளானுக்கு அங்கே என்ன தீனி? தண்ணீர் இறங்கும் மாசி, பங்குனியில் மறுபடி பாருங்கள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகிக்குத் தை நல்ல சமயம். எனவே ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தை எழுதாத பறவைக் கணக்கு பாதிக் கணக்குதான்.

காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுப்பக்கம் விழும், நிறம் தெளிவாகத் தெரியும். நாமக்கோழிக் கூட்டத்தைத் தலைதலையாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்து, அந்த அளவால் கூட்டத்தை அளந்துபோங்கள்.

கடலூர் வாசகர்: நாட்டு வாதுமை வருடத்தில் இரண்டு முறை சிவந்து கொட்டுகிறது. நோயா?

இல்லை, அதன் சுபாவம்.

பண்ருட்டி வாசகர்: முந்திரிப் பூங்கொத்து கருகுகிறது. பனி என்கிறார்கள்.

பனிமேல் பழி போடுமுன் துளிரைப் பாருங்கள். தண்டில் கறுத்த நீள்வடுவும் பிசின் துளியும் இருந்தால் தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. முதுகில் குண்டூசி நட்டதுபோல் ஒரு முள் நிற்கும். வெயில் ஏறினால் இலைக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே விடிகாலையில், மரத்தின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு ஐந்து துளிர் வீதம் பார்த்து, இருபதில் எத்தனையில் வடு என்று வாராவாரம் எழுதுங்கள். இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு அதே மரத்தில் இருந்தால் கலைக்காதீர்கள். அது இந்தப் பூச்சியை வேட்டையாடும்.