அரை மணி நேர நாடகத்துக்கு 11 காட்சி எதற்கு?

கேள்வி: கூடலூர் பக்கம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆண்டு விழாவுக்கு 30 நிமிட நாடகம் எழுதியிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாட்டி லைன் வீட்டை (தோட்டத் தொழிலாளருக்கு நிர்வாகம் கொடுக்கும் வரிசை வீடு) காலி செய்ய வேண்டும், அதுதான் கதை. 11 காட்சி, 17 பாத்திரம். நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினால் பாதியிலேயே நெளிகிறார்கள். எங்கே தப்பு?

பதில்: கதையில் தப்பே இல்லை. நீங்கள் எழுதியிருப்பது சினிமா, சிக்கல் அங்கேதான். 11 காட்சி என்றால் 10 தடவை விளக்கணைக்க வேண்டும், இருட்டில் நாற்காலியைத் தடவித் தூக்கி வைக்க ஒவ்வொரு தடவையும் முக்கால் நிமிடமாவது போகும், ஆக ஏழெட்டு நிமிடம் சபை இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். செட்டும் விளக்கும் இல்லாமலே நாடகம் போடலாம் என்று வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் எப்போதோ காட்டிவிட்டார். 1980இல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பட்டறைக்குத் தமிழ் நாடகக்காரர்கள் பலர் போய் வந்தார்கள். அதனால் ஒரே இடம், ஒரே பொழுது போதும்: லைன் வீட்டின் உள்ளே, காலி செய்வதற்கு முந்தைய சாயங்காலம். பாத்திரம் நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது வசனம். "நாம 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து வந்தவங்கதானே அம்மா" என்று பாட்டியின் மகன் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள் (சிலோனில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் அது). அது அம்மாவுக்குத் தெரியாதா என்ன? சபைக்குத் தகவல் சொல்ல ஒரு பாத்திரத்தின் வாயை இரவல் வாங்குவது மாணவர் நாடகங்களில் எங்கும் இருக்கும் நோய். அதையே இப்படி வைத்துப் பாருங்கள். மகன் அண்டா குண்டாவைச் சாக்கில் போட்டுக் கட்டுகிறான், பாட்டியோ அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைக்கிறாள். அவன் கெட்டிலைக் கேட்கிறான், அவள் கொடுக்கவில்லை. "மண்டபம் கேம்ப்ல இறங்குனப்பவும் இதத்தான் கையில புடிச்சிருந்தேன்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த முகாம் அது. சிலோன் கதை முழுக்க அதில் வந்துவிடும், தேதி தெரிய வேண்டியவர்கள் வீட்டுக்குப் போய்த் தேடிக்கொள்வார்கள்.

மேனேஜரை மீசை முறுக்கும் வில்லனாக்கியிருக்கிறீர்கள், அவர் வந்து கத்திவிட்டுப் போகிறார். யார் பக்கம் நியாயம் என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டால் மீதி நேரம் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது? மேனேஜரை மேடைக்கே கொண்டுவராதீர்கள். அவருக்குப் பதில், அதே தோட்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு வீடு பார்க்க வரட்டும். அவளுக்கும் இந்த வீடு வேண்டும், பாட்டியைத் தவிர வேறு யாரிடமும் அவளால் கேட்க முடியாது. கதை அங்கேதான் சூடு பிடிக்கும். கடைசிக் காட்சியில் ஒரு மாணவர் முன்னால் வந்து சபையைப் பார்த்துப் பேசும் ஒன்றரைப் பக்கப் பிரசங்கம், கைதட்டல் கட்டாயம் கிடைக்கும் என்றாலும், அப்போது தேவைப்படாது. வெட்டிவிடுங்கள்.

நம்ம ஊர் விஷயம் ஒன்று. அரங்கத்துக்குத் தகரக் கூரையா? ஜூன், ஜூலையில் விழா வைத்தால் மழைச் சத்தத்தில் பாதி வசனம் காதில் விழாது. முக்கியமானதைச் செய்கையில் வையுங்கள், வசனத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

திருத்தி எழுதியதை வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து, நடுவில் எதையும் விளக்காமல், கேட்பவர்கள் எந்த வரியில் போனைக் கையில் எடுக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வெட்டு அங்கேதான்.