பெசன்ட் நகர் காற்றுக்கு எந்த மடக்குக் கத்தி?

பார்சல் பிரிக்க, பழம் நறுக்க, தினமும் பாக்கெட்டில் வைக்க ஓபினெல் 7 என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் கார்பன் ஸ்டீல் பிளேடா, டி2 என்ற ஸ்டீலில் செய்த பிளேடா என்று கேட்டிருக்கிறீர்கள். பெசன்ட் நகரில் இருந்துகொண்டு இரண்டுமே வேண்டாம். உப்புக் காற்றும் வியர்வையும் பட்டால் கார்பன் பிளேடில் சீக்கிரமே துருப்புள்ளி விழும். டி2-வில் துருவைத் தடுக்கும் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருந்தாலும் அதில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்ற கடினத் துகள்களாகப் போய்விடுகிறது. மாங்காய் நறுக்கித் துடைக்காமல் மடக்கினால் அதுவும் கறை பிடிக்கும்.

ஓபினெல்தான் பிடிக்கும் என்றால் அதிலேயே ஐநாக்ஸ், அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல் பிளேடு உள்ளதை வாங்குங்கள். ஆனால் ஐப்பசி மழையில் அதன் பீச் (beech) மரப் பிடி ஊதிவிட்டால் பிளேடை நகத்தால் இழுக்க முடியாது. பிளேடைப் பூட்டும் வளையத்தைத் திறந்து, பிடியின் பின்முனையை மேசையில் ஓங்கித் தட்டுங்கள். பிளேடு கொஞ்சம் வெளியே வரும்.

உங்களுக்கு நான் சொல்வது விக்டரினாக்ஸ் கேடட் என்ற சுவிஸ் மடக்குக் கத்தி. மடக்கினால் 84 மி.மீ., அலுமினியப் பிடி, துருவுக்குத் தாங்கும் ஸ்டீல். பிளேடுக்கு லாக் கிடையாது, அதனால் முனையால் குத்தித் துளைக்காதீர்கள், விரல்மேல் மூடிக்கொள்ளும். அழுக்கு சேர்ந்தால் வெந்நீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கீலில் உணவுத்தர மினரல் ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிப் பாக்கெட் தூசியை இழுக்கும். விமானம் ஏற மீனம்பாக்கம் போகும் நாளில் மட்டும் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.