களிம்பேறும் செம்பு – கடிதம்

அன்புள்ள சார்,

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். ஏழாவது, எட்டாவது படிக்கும் பன்னிரண்டு பேர். தனிமம், சேர்மம் என்று ஆரம்பித்தாலே கொட்டாவி விடுகிறார்கள். அதே பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து, கட்டி கட்டியாக அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டை ஆடினால் இருட்டியதுகூடத் தெரிவதில்லை. அதில் வேதியியல் பகுதி ஒன்று இருப்பதைப் போன வாரம்தான் பார்த்தேன். சோடியத்தையும் குளோரினையும் சேர்த்து உப்பு செய்த ஒரு பையன், "சோடியம் எந்தக் கடையில கிடைக்கும் டீச்சர்?" என்று கேட்டான். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. "போனைப் பிடுங்கி வைக்காமல் நீயே ஆடச் சொல்கிறாயே" என்கிறார் வீட்டுக்காரர். இதை வைத்துப் பாடம் நடத்த முடியுமா?

ஒரு டியூஷன் டீச்சர்

அன்புள்ள டீச்சர்,

முடியும். ஆனால் விளையாட்டே சொல்லிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டால் நடக்காது. அது எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே கதை விடுகிறது என்று பிள்ளைகளே துப்பறிய வேண்டும். எட்டாவது படிக்கும் என் பேத்தியோடு ஆடித் தோற்றுத் தோற்று நான் கண்டது இது.

நீங்கள் பார்த்த பகுதி 2018ல் பள்ளிகளுக்கான மைன்கிராஃப்டில் வந்தது. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எண்ணிக்கையை ஏற்றி இறக்கி 118 தனிமங்களையும் செய்துகொள்ளலாம். ஒரு புரோட்டான் கூடினால் தனிமமே வேறாகிவிடும் என்று கரும்பலகையில் பத்துத் தடவை எழுதினாலும் மண்டையில் ஏறாது. விரலால் ஒரு தடவை நகர்த்தினால் ஏறிவிடுகிறது. அந்த மட்டில் நல்லது. சேர்மம் செய்யும் மேசைதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், இந்தா தண்ணீர். சூடு இல்லை, சத்தம் இல்லை, காத்திருப்பதும் இல்லை.

அதைவிட, அதே விளையாட்டில் சும்மா கிடக்கும் செம்புக் கட்டியைப் பாருங்கள். 2021ல் சேர்த்தார்கள். வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் பச்சை பூத்துவிடும். தேன்மெழுகு தடவினால் அப்படியே நிற்கும். கோடாரியால் சுரண்டினால் பழைய நிறம் படிப்படியாகத் திரும்பும். நம்மிடம் இதற்குக் களிம்பு என்று சொல் இருக்கிறது. உயிரைப் பிடித்திருக்கும் ஆணவத்தைச் செம்பில் களிம்பு என்றார்கள் சைவ சித்தாந்திகள். (களிம்பு செம்போடு பிறந்தது என்பது அவர்கள் கட்சி, காற்றிலிருந்து வந்தது என்பது வேதியியல் கட்சி. அந்த வழக்கு இப்போது வேண்டாம்.)

என் பேத்தியிடம், "எத்தனை தடவை சுரண்டினாலும் கட்டி தேயவே இல்லையே, சுரண்டினது எங்கே போச்சு?" என்றேன். "அது கேம், தாத்தா." சரி என்று பரணிலிருந்து பச்சையேறிய செம்பு ஒன்றை இறக்கி, எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்த இடம் பளீரென்று ஆனது. வழிந்த சாற்றை வெள்ளைப் பீங்கான் தட்டில் பிடித்தோம். லேசான நீலப் பச்சை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். (நாக்கில் வைக்கக்கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

அப்புறம் விளையாட்டில் வரும் உலை. மேலே இரும்புத் தாது, கீழே எரிபொருள். ஒரு கரித்துண்டு போட்டால் எட்டுக் கட்டி இரும்பு. ஒரு வாளி எரிமலைக் குழம்பு ஊற்றினால் நூறு! இது சுத்தப் பொய். தாது என்பது ஆக்சிஜன் பிடியில் இருக்கும் இரும்பு. கரி சூடு கொடுப்பதோடு நிற்பதில்லை. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது. பாடப்புத்தகம் 'ஒடுக்கம்' என்று பயமுறுத்துவது இந்தப் பிடுங்கலைத்தான். எரிமலைக் குழம்பில் சூடு உண்டு, பிடுங்க ஆள் இல்லை. கடைசியில் கிடைப்பது சூடான தாது.

ஜெல்டா வரிசையில் 2017ல் வந்த 'பிரெத் ஆஃப் த வைல்ட்' சாகச விளையாட்டைச் செய்தவர்கள், அதற்குள் ஒரு 'வேதியியல் எஞ்சின்' ஓடுவதாகச் சொன்னார்கள். நெருப்பு மரத்தை மாற்றும், தண்ணீர் நெருப்பை மாற்றும், ஆனால் மரம், கல் மாதிரி ஒரு பொருள் இன்னொரு பொருளை மாற்றாது என்பது அதன் விதி. விளையாட்டுக்கு நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பொருளைப் பொருள் மாற்றுவதுதானே வேதியியல்?

உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஆய்வகம் வேண்டாம். நான் வளர்ந்தது குன்னூரில், டீ ஃபேக்டரி வாசனைக்குள். வாடிய கொழுந்தை உருட்டிக் கசக்கியதும் சாறு காற்றைத் தொடுகிறது. பச்சை போய்ச் செப்பு நிறம் வருகிறது. ஃபேக்டரியில் 'ஃபெர்மென்டேஷன்' என்பார்கள். மாவு புளிக்கிற சங்கதி அல்ல அது, இலையிலுள்ள நொதிகள் (என்சைம்) செய்யும் ஆக்சிஜனேற்றம், அதாவது சாற்றோடு ஆக்சிஜனைச் சேர்ப்பது. ட்ரையர் சூட்டில் நொதி செத்ததும் நின்றுவிடும். செம்புக்குத் தேன்மெழுகு மாதிரி கொழுந்துக்கு ட்ரையர். ஒரு கைப்பிடிக் கொழுந்தை அப்படியே கசக்கி வைக்கட்டும். இன்னொன்றை இட்லிப் பானை ஆவியில் காட்டிவிட்டுக் கசக்கட்டும். டியூஷன் முடிவதற்குள் வித்தியாசம் தெரியும்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. போனுக்கு இருபது நிமிஷம் போதும், மீதி நேரம் செம்பும் இலையும்.

அந்தப் பையனுக்கு: சோடியம் கடையில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கவைத்துப் பூட்டி வைப்பார்கள். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பித் தீப்பிடிக்கும், வெடிக்கும். குளோரின் நச்சு வாயு, 1915ல் போரில் ஆட்களைக் கொன்றது. இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் அம்மா ரசத்தில் போடுகிறார். இதைச் சொல்லிவிட்டு, "நீ உப்பு செஞ்சப்போ அந்த மேசை ஏன்டா வெடிக்கல?" என்று கேளுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.