7.42-ஐ 7.5 ஆக்கலாமா?

கேள்வி: அக்கா, இந்த வருஷம் பி.காம். (சி.ஏ. – கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) முடித்தேன். சி.ஜி.பி.ஏ., அதாவது மொத்தப் படிப்புக்குமான சராசரி கிரேடு பாயின்ட், 10-க்கு 7.42. மேஜர், துணைப் பாடங்கள் வரும் பார்ட் 3-இல் மட்டும் பார்த்தால் 7.81. கோவை கம்பெனி ஒன்றின் விண்ணப்பத்தில் சதவீதம் கேட்கிறார்கள். டானிங்டனில் பிரவுசிங் சென்டர் அண்ணன் 9.5-ஆல் பெருக்கச் சொல்கிறார், தோழி 10-ஆல் பெருக்கச் சொல்கிறாள். ரெஸ்யூமில் 7.5 என்றே போட்டுவிடட்டுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: போடாதே மா. குன்னூரில் எஸ்டேட் ஆபீஸில் நான் வேலை பார்த்தப்போ, ரெஸ்யூமையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பேன். புள்ளி பூஜ்யம் எட்டு கூடியதற்காக யாரையும் எடுத்ததில்லை. எண் ஒத்துப்போகவில்லை என்றால், அதற்குக் கீழே எழுதியிருப்பது எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும். சுருக்கியே ஆகணும் என்றால் 7.4.

அந்த 9.5, சி.பி.எஸ்.இ.காரர்கள் பத்தாம் வகுப்புக்கு சி.ஜி.பி.ஏ. கொடுத்த காலத்துக் கணக்கு. உன் டிகிரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மார்க் ஷீட்டை எடுத்துப் பார். ஒரு பேப்பரில் 74 வாங்கியிருந்தால் கிரேடு பாயின்ட் 7.4 என்று இருக்கிறதா? அப்படியானால் தோழி சொன்னதுதான் சரி, 74.2 என்று எழுது. எல்லா இடத்திலும் இப்படி வராது. சில பல்கலைக்கழகங்களில் 71 வாங்கினாலும் 80 வாங்கினாலும் ஒரே 8 தான். அங்கே படித்த பிள்ளைகள் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் விதி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கணும், இல்லையென்றால் தேர்வுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்கணும்.

பார்ட் 3 மார்க்கை மறைக்க வேண்டாம், பெயரோடு போடு. உன் மேஜரும் அல்லீடும் (துணைப் பாடம்) அதில்தானே இருக்கிறது! இப்படி ஒரே வரி போதும்:

பி.காம். (சி.ஏ.) – சி.ஜி.பி.ஏ. 7.42/10 (பார்ட் 3: 7.81/10)

அந்த '/10' விட்டுப்போகக் கூடாது. அமெரிக்கக் கம்பெனிகளில் 4-க்குத்தான் கணக்கு. அதற்காக நீயே 4-க்கு மாற்றிப் போடவும் வேண்டாம்.

இங்கேயே தேயிலை ஃபேக்டரி ஆபீஸுக்குப் போடுகிறாய் என்றால் டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தெரியும் என்பதை மேலே ஏற்றி, மார்க்கைக் கீழே இறக்கு. சிறு விவசாயிகளுக்கு இலைப் பணம் கணக்குப் போடுகிற இடத்தில் 7.42-ஆ 7.81-ஆ என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கேள்வி: என் சி.ஜி.பி.ஏ. 5.9. இரண்டு அரியர் வைத்துத்தான் பாஸானேன். எழுதணுமா?
– ஒரு வாசகர், கூடலூர்

பதில்: ரெஸ்யூமில் கேட்காத இடத்தில் டிகிரி, கல்லூரி, வருஷம் போதும் தம்பி. அரியரை நீயாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆன்லைன் ஃபார்மில் 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' என்று தனிக் கட்டம் இருந்தால் 2 என்றே போடு. இப்போது பாஸாகிவிட்டாலும் அவர்கள் கேட்பது பழசையும் சேர்த்துத்தான். 'ஸ்டாண்டிங் அரியர்ஸ்', அதாவது இன்னும் பாஸாகாமல் நிற்கிற பேப்பர், அந்தக் கட்டத்தில் மட்டும் பூஜ்யம்.